ஒரு கேசட்டும் இரண்டு கடைகளும்

பழைய ஒலிநாடாக்களை மின்னிலக்கக் கோப்புகளாக மாற்றித் தரும் கடைகள் சிங்கப்பூரில் இன்னும் சில இருக்கின்றன. அவற்றில் இரண்டில் ஒரே கேசட்டைக் கொடுத்து, இரண்டு விதமான கோப்புகளைப் பெற்று, இரண்டையும் காலமான நண்பன் ஒருவனுடைய தாயார் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கேட்டவன் என்ற தகுதியில் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். முதற்கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. என் மனக்குறை அந்தக் கடைக்காரரைப் பற்றியது அன்று, அவர் பின்பற்றும் வேலைமுறையைப் பற்றியது. அதே முறையில் வேலை செய்கிறவர்கள் வேறு பல இடங்களிலும் இருக்கக்கூடும். இரண்டாம் கடையின் பெயரைச் சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால், தனியாளாக எல்லா வேலையையும் பார்க்கும் அதன் உரிமையாளர், இப்போது கையில் இருக்கும் கேசட்டுகளே இரண்டு மாதத்துக்குப் போதும் என்றும், பெயர் போட்டு எழுத வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டதால், ஜாலான் புசார் வட்டாரத்தில் ஒரு பழைய கடைத்தொகுதியின் மேல்மாடியில் அது இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கேசட் என்னுடையது அன்று. 1992இல், கெண்ட் ரிட்ஜில் இருக்கும் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் கட்டுமானப் பொறியியல் படித்துக்கொண்டிருந்தபோது, என்னுடைய வகுப்பு நண்பன் ஒருவன் தேர்வுக்கான பாடக் குறிப்புகளைத் தானே வாசித்து 60 நிமிடக் கேசட்டில் பதிவு செய்தான். புவன விஸ்தா ரயில் நிலையத்திலிருந்து வளாகத்துக்குப் போகும் 95ஆம் எண் பேருந்தில் நின்றுகொண்டே புத்தகம் படிக்க முடியாது, காதில் கேட்கலாம் என்பது அவன் கணக்கு. பிறகு அந்தக் கேசட்டை நாங்களும் ஆளுக்கு இரண்டு நாள் இரவல் வாங்கிக் கேட்கத் தொடங்கினோம். அவன் நூலகர் போல, கேசட் பெட்டிக்குள் இருக்கும் அட்டையில் வாங்கியவர் பெயரை எழுதிவைத்து, திருப்பிக் கொடுத்ததும் ஒரு கோடு போட்டு அடித்துவிடுவான். அந்த அட்டையில் ஏழு பெயர்கள் இருக்கின்றன. ஆறு பெயர்கள் அடிக்கப்பட்டிருக்கின்றன. ஏழாவது பெயர் என்னுடையது.

ஒரு சிறு விளக்கம். நான்கு ஆண்டுகள் 'டேய்' என்று கூப்பிட்டவனை, இறந்துவிட்டான் என்பதற்காக 'அவர்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அவனுடைய மனைவியிடமும் மகளிடமும் இதைச் சொல்லிவிட்டேன். அவர்களுக்கு ஆட்சேபம் இல்லை.

படிப்பு முடிந்தபின் அவன் கட்டுமானத் தளங்களிலேயே இருந்தான். 2003இல் திறக்கப்பட்ட வடகிழக்கு ரயில் பாதையின் சுரங்க நிலையம் ஒன்றில் சில ஆண்டுகள் வேலை பார்த்தான். இயந்திர இரைச்சலுக்கு மேல் கத்திக் கத்திப் பேசிப் பழகிய அந்தத் தொண்டையில் 2010இல் அறுவை சிகிச்சை செய்ய வேண்டி வந்தது. உயிருக்கு ஆபத்து நீங்கியது, ஆனால் குரல் போய்விட்டது. பிறகு அவன் பேசியதெல்லாம் காற்றும் கரகரப்பும் கலந்த ஒரு மெல்லிய ஒலியில்தான். அப்போது அவன் மகளுக்கு மூன்று வயது. சென்ற ஆண்டு அவன் மாரடைப்பில் இறந்தபோது அவர் பலதுறைத் தொழிற்கல்லூரியில் சேர்ந்திருந்தார். அறுவை சிகிச்சைக்கு முந்தைய குரல் அவருக்கு நினைவில் இல்லை. மண்டாய் தகனச்சாலையிலிருந்து திரும்பிய அன்று யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வாழை இலையை மடித்துவிட்டுக் கைகழுவப் போகும்போதுதான் அவன் மனைவி, வந்திருந்த வகுப்பு நண்பர்களான எங்கள் மூவரிடமும் பொதுவாகக் கேட்டார்: "கல்லூரியில எடுத்த வீடியோ, கேசட்டு ஏதாச்சும் இருக்காண்ணே? அவளுக்கு அப்பா குரல் தெரியாது."

ஒருவரிடமும் வீடியோ இல்லை. புகைப்படங்கள் இருந்தன, அவற்றிலும் பாதியில் அவன் கண்ணை மூடியிருக்கிறான். கேசட்டின் நினைவு எனக்கு அன்றிரவுதான் வந்தது. மூன்று வீடு மாறியபோதும் தூக்கி எறியாமல் கூடவே கொண்டுவந்த ஒரு பிஸ்கட் டின்னில், வீட்டின் பொருள் வைக்கும் அறைக்குள், பழைய கணிப்பான் ஒன்றுக்கும் கட்டணம் செலுத்திய இரசீதுகளுக்கும் கீழே அது இருந்தது. எடுத்துப் பார்த்தபோது, கண்ணாடிச் சாளரத்தின் வழியே தெரிந்த நாடாச் சுருளின் ஓரத்தில் மாவு தூவியது போல வெண்மை படர்ந்திருந்தது.

இந்த ஊரில் கேசட் வைத்திருப்பவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது அந்த வெண்மையைத்தான். அது பூஞ்சை. ஆண்டுச் சராசரியில் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும் சிங்கப்பூரில், மூடிய டின்னில் வைத்த நாடா பூஞ்சை பிடிப்பது இயல்பு. காந்தத் துகளை நாடாவோடு ஒட்டிவைத்திருக்கும் பசைப்பொருளில் அது வளர்கிறது. ஆர்வம் தாங்காமல் அப்படியே கருவியில் போட்டு ஓட்டினால், நாடாவின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டி இழுபட்டுக் கிழியலாம். கருவியின் உட்புறமும் கெட்டு, அடுத்துப் போடும் கேசட்டுக்கும் பூஞ்சை தொற்றும். நல்லவேளையாக என் வீட்டில் கேசட் ஓட்டும் கருவியே இல்லை. இருந்திருந்தால் நிச்சயமாகப் போட்டிருப்பேன்.

முதற்கடை ஒரு பெரிய கடைத்தொகுதியில், குளிரூட்டப்பட்ட பளிச்சென்ற கடை. திருமண வீடியோக்கள், குழந்தைப் பருவப் படச்சுருள்கள், கேசட்டுகள் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, பெயரும் கைப்பேசி எண்ணும் எழுதிய பைக்குள் போட்டுக்கொள்கிறார்கள். கேசட் ஒன்றுக்கு 25 வெள்ளி, மூன்று வேலை நாள். முகப்பிலிருந்த இளைஞர் மரியாதையாகப் பேசினார். "இரைச்சலை நீக்கித் தரட்டுமா? கூடுதல் கட்டணம் இல்லை" என்று கேட்டார். இரைச்சலை வேண்டாம் என்று சொல்லாதவர் யார்? சரி என்று தலையாட்டினேன். இந்த மதிப்புரையில் என்னுடைய தவறு என்று ஒன்று உண்டென்றால் அது அந்தத் தலையாட்டல்தான்.

மூன்றாம் நாள் இணைப்பு வந்தது. சொன்ன நாளில் தந்தார்கள் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அவனுடைய தாயார் இருக்கும் தோ பாயோ வீட்டுக்கு எல்லாரும் போனோம். மகள் தன் ஒலிபெருக்கியில் அதைப் போட்டார். ஒரு குரல் கேட்டது. சற்று மெல்லிய குரல், வேகமான பேச்சு, தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல ஒவ்வொரு சொல்லின் ஓரத்திலும் ஓர் உலோக மினுமினுப்பு. கான்கிரீட்டின் வலிமையை வார்த்த 28ஆம் நாளில்தான் சோதிக்க வேண்டும் என்று அந்தக் குரல் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போனது. சொற்கள் அவனுடையவை. எனக்கே குழப்பமாகிவிட்டது: இவ்வளவு மெல்லிய குரலா அவனுக்கு? முப்பது ஆண்டுகளில் என் நினைவுதான் அவன் குரலைக் கனமாக்கிவிட்டதோ? அவன் தாயார் பத்து நிமிடம் பொறுமையாகக் கேட்டார். பிறகு, யாரையும் புண்படுத்திவிடக் கூடாது என்ற கவனத்தோடு, "யாரோ வாசிக்கிற மாதிரி இருக்குப்பா. செய்தி வாசிக்கிற மாதிரி" என்றார். மகள் ஒன்றும் சொல்லவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க அவரிடம் வேறு குரல் இல்லை; இதுதான் அப்பா என்று நாங்கள் சொன்னால் அவர் ஏற்றுக்கொண்டிருப்பார். அதுதான் எனக்கு உறுத்தியது.

மறுநாள் கடைக்குத் தொலைபேசியில் பேசினேன். இரைச்சல் நீக்காத மூலக் கோப்பைக் கொடுங்கள் என்று கேட்டேன். வாடிக்கையாளருக்கு அனுப்பியவுடன் அதை அழித்துவிடுவது வழக்கம் என்றார்கள். கேசட்டைத் திரும்ப வாங்கப் போனபோது, நாடாவை, அதிலிருந்து ஒலியை வாசிக்கும் கருவிப் பாகமான 'ஹெட்'டோடு அழுத்திப் பிடிக்கும் சிறு பஞ்சுப் பட்டை கழன்று பெட்டிக்குள் கிடந்தது. பழைய பசை காய்ந்து கழலக்கூடியதுதான். அவர்கள் கழற்றினார்கள் என்று குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் அது கழன்றதை எனக்குச் சொல்லியிருக்க வேண்டும். பூஞ்சையைப் பற்றியும் ஒரு சொல் இல்லை.

இரண்டாம் கடையை எனக்குச் சொன்னவர் மின்னணுச் சாமான் விற்கும் ஒரு கடைக்காரரோ என்று யாரும் நினைக்க வேண்டாம். தேக்காவில் எனக்குப் பல ஆண்டுகளாகக் கைக்கடிகாரம் பழுதுபார்த்துத் தருபவர்தான் சொன்னார். மின்தூக்கி அந்த மாடியில் நிற்பதில்லை. ஒரு மாடி நடந்து ஏறினால், கதவு முழுக்கக் கம்பிச் சட்டம் போட்ட, இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றாமவர் நிற்க இடமில்லாத ஓர் அறை. அடுக்கடுக்காகக் கேசட் கருவிகள், அவற்றின் நடுவே மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றியபடி ஒரு சீனப் பெரியவர். நான் 'அங்கிள்' என்றுதான் அழைத்தேன்.

அவர் கேசட்டைக் கையில் வாங்கி விளக்கொளியில் திருப்பிப் பார்த்துவிட்டு முதலில் கேட்ட கேள்வி, இதில் என்ன இருக்கிறது என்பது. நண்பனின் குரல் என்றேன். பேசுகிறாரா, பாடுகிறாரா? பேசுகிறார். எந்த இடத்தில் பதிவு செய்தார்? மாணவர் விடுதி அறையில். எந்தக் கருவியில், மின்கலத்திலா சுவர் மின்சாரத்திலா? இதை எப்படி நான் நினைவு வைத்திருப்பேன்? ஆனால் யோசித்தபோது, படுக்கைக்கும் மேசைக்கும் நடுவே இழுத்துக் கட்டிய கம்பியில் நாங்கள் தடுக்கி விழுந்தது நினைவுக்கு வந்தது. சுவர் மின்சாரம்தான் என்றேன். "நல்லது" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுதிக்கொண்டார். அதில் என்ன நல்லது என்று மூன்று வாரம் கழித்துத்தான் புரிந்தது.

வேலையைப் பார்க்க வரலாமா என்று கேட்டேன். வரவேண்டும் என்றார், தனக்குத் தமிழ் தெரியாததால் மொழி தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தாக வேண்டும் என்பது அவர் விதி. அப்படியாக ஒரு சனிக்கிழமை முழுவதும் அந்த அறையில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். பூஞ்சையை அவர் முன்னமே உலர் தூரிகையால் எடுத்து, அதற்கென்றே தனியாக ஒதுக்கிய பழைய கருவியில் நாடாவை முன்னும் பின்னும் மெதுவாகச் சுற்றித் துடைத்துவைத்திருந்தார். பிறகு நாடாவை மட்டும் உருவி, பஞ்சுப் பட்டை நன்றாக இருக்கும் வேறொரு கேசட் கூட்டுக்குள் மாற்றினார். என் கேசட்டின் கூடு ஐந்து சிறு திருகாணிகளால் பூட்டப்பட்ட வகை. ஒட்டிச் சீல் வைத்த வகையாக இருந்திருந்தால் உடைத்துத்தான் திறக்க வேண்டும் என்றார். 3.81 மில்லிமீட்டர் அகலமே உள்ள அந்த நாடாவை அவர் விரல்கள் தொட்ட விதம், பூக்கட்டும் கடையில் நார் எடுக்கும் பெண்களை நினைவூட்டியது.

அடுத்து, வாசிக்கும் ஹெட்டின் சாய்வைச் சரிசெய்தார். பதிவு செய்த கருவியின் ஹெட் எந்தக் கோணத்தில் நின்றதோ அதே கோணத்தில் வாசிக்கும் ஹெட்டும் நிற்காவிட்டால், சகர, ஷகர ஒலிகளின் கூர்மை போய்ப் பேச்சு கம்பளிக்குள்ளிருந்து வருவது போலாகிவிடும். ஒவ்வொரு கேசட்டுக்கும் ஒரு சிறு திருகாணியைத் திருப்பிக் காதால் கேட்டுச் சரிசெய்ய வேண்டிய வேலை இது. 25 வெள்ளிக்கு யாரும் செய்ய மாட்டார்கள், அதை நான் குறையாகவும் சொல்லவில்லை.

ஆனால் என்னை அசரவைத்தது வேகத்தை அவர் திருத்திய விதம். கேசட் நாடா வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும் என்பது பொது விதி. மாணவன் ஒருவன் வைத்திருந்த மலிவான கருவியில் ரப்பர் பெல்ட் தளர்ந்து, பதிவின்போது நாடா மெதுவாக ஓடியிருந்தால், பிறகு சரியான வேகத்தில் ஓடும் நல்ல கருவியில் போடும்போது பேச்சு வேகமாகவும் குரல் மெல்லியதாகவும் கேட்கும். எவ்வளவு மெதுவாக ஓடியது என்பதை 33 ஆண்டு கழித்து எப்படிக் கண்டுபிடிப்பது? திரையில் ஒலியின் அலைவரிசைப் படத்தை விரித்து, அடியில் ஒரு மெல்லிய நேர்கோட்டைக் காட்டினார். அது மின்சாரத்தின் முனகல். சிங்கப்பூரில் வீட்டு மின்சாரம் வினாடிக்கு 50 முறை அலைகிறது, சுவர் மின்சாரத்தில் ஓடிய கருவி அந்த 50 ஹெர்ட்ஸ் முனகலையும் அவன் குரலோடு சேர்த்து நாடாவில் எழுதிவைத்திருக்கிறது. இப்போது அந்தக் கோடு 52இல் நின்றது. அப்படியானால் நாடா 4 விழுக்காடு வேகமாக ஓடுகிறது. கோட்டை 50க்கு இறக்கினார். குரலும் கூடவே இறங்கியது.

அந்த அறையில் அவன் பேசினான். நான் சற்று நேரம் திரையைப் பார்க்காமல் கம்பிக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியவர் எழுந்து போய்த் தேநீர் கலந்துகொண்டு வந்தார். எவ்வளவு சர்க்கரை என்று கேட்காமலேயே கலந்திருந்தார்.

முதற்கடையின் மென்பொருள் முதலில் அழித்தது அந்த முனகலைத்தான். அது இரைச்சல் அல்லவா? அதை அழித்தவுடன், வேகத்தை அளக்க நாடாவில் இருந்த ஒரே அளவுகோலும் போய்விட்டது. அதோடு நிற்காமல், பேச்சுக்கு நடுவே வரும் மௌனங்களையும் தானாகவே வெட்டிச் சுருக்கியிருந்தது. கேசட்டின் முதற்பக்கத்தில் 30 நிமிடமும் மறுபக்கத்தில் 17 நிமிடமும் பதிவு இருக்கிறது. முதற்கடை தந்த கோப்பு 41 நிமிடம். வேகத்தைத் திருத்திய பின் பெரியவர் தந்த கோப்பு ஏறத்தாழ 49 நிமிடம். இடையிலிருக்கும் 8 நிமிடத்தில் ஏறத்தாழ 2 நிமிடம் வேகத் திருத்தத்தால் வந்தது; மீதி 6 நிமிடம் மென்பொருள் வெட்டியது, அதில் ஒரு சொல்கூட இல்லை என்பது உண்மைதான்.

சொல் இல்லாத இடங்களில் இருப்பவை இவை: தாளைத் திருப்பும் ஓசை, கூரை மின்விசிறியின் கடகடப்பு, இரண்டாம் பக்கத்தின் நடுவில் தொடங்கி, பேச்சை விழுங்கும் அளவுக்கு வலுத்து, பிறகு ஓயும் ஒரு மழை, விடியலை அறிவிப்பதாக நினைத்துக்கொண்டு எந்நேரமும் கூவும் குயில். யாரோ கதவைத் தட்டுகிறார்கள். "இருடா, பதிவு ஓடுது" என்று தணிந்த குரலில் சொல்கிறான். தட்டியவன் நானாகக்கூட இருக்கலாம். கலவையில் தண்ணீரின் அளவைப் பற்றிச் சொல்லுமிடத்தில், பாட மொழியை விட்டுவிட்டு, "தண்ணி கூடினா தோசை மாவு, கொறஞ்சா புட்டு மாவு, நமக்கு வேண்டியது இட்லி மாவு" என்று சொல்லிவிட்டுத் தானே சிரிக்கிறான். முதற்கடையின் கோப்பில் தோசையும் புட்டும் இருந்தன, சிரிப்பு இல்லை. சிரிப்பில் சொல் இல்லாததால் மென்பொருள் அதைப் பேச்சாக எண்ணவில்லை போலும்.

அந்தச் சிரிப்பைப் பெரியவர் எப்படிக் காப்பாற்றினார் என்று கேட்டேன். அவர் சொன்ன காரணம் எளிமையானது. தனக்கு மொழி தெரியாது, எது பேச்சு, எது சிரிப்பு, எது இருமல் என்று தன்னால் தீர்மானிக்க முடியாது, ஆகவே எதையும் எடுப்பதில்லை. எடுக்க வேண்டியதை வாடிக்கையாளர் சொல்லட்டும். நான் சொன்னது ஒன்றுதான்: மழை மிக வலுத்த இரண்டு நிமிடத்தில் மட்டும் பேச்சு சற்றுத் தெளிவாகக் கேட்கும்படி ஒரு தனிப் பிரதி வேண்டும் என்றேன். செய்து தந்தார். மூலப் பிரதியில் கை வைக்கவில்லை. தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு 1979 முதல் பதிவு செய்துவரும் நேர்காணல்களில் பலவற்றை இன்று இணையத்தில் கேட்கலாம். முதியவர்கள் ஒரு பெயரை நினைவுகூர முயன்று தயங்கும் இடைவெளிகளை அங்கே நான் கேட்டிருக்கிறேன். அந்தத் தயக்கமும் சாட்சியத்தின் பகுதிதான் என்று எனக்கு அப்போது தோன்றியதில்லை.

இரண்டாம் முறை தோ பாயோ வீட்டுக்குப் போனபோது, முதல் முறையின் ஏமாற்றத்தால், நான் எதையும் முன்கூட்டிச் சொல்லவில்லை. மகள் கோப்பைத் திறந்தார். குரல் தொடங்குவதற்கு முன் நான்கைந்து வினாடி மின்விசிறி மட்டும் ஓடியது. அவன் வாய் திறப்பதற்குள்ளேயே தாயார் சொன்னார்: "இந்த ஃபேன்தான். நான் மீன் கொழம்பு கொண்டுபோய்க் குடுத்தப்ப தலையில விழுந்துடுமோன்னு பயந்துகிட்டே ஒக்காந்திருந்தேன்." பிறகு அவன் பேசினான். அவர் முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு உரிமை இல்லை.

மகளைப் பற்றி எழுதலாம்; அவரே அனுமதித்திருக்கிறார். குரலைக் கேட்டு அவர் பெரிதாக எதுவும் காட்டவில்லை. அந்தக் கனத்த, திறந்த குரலுக்கும் அவர் அறிந்த கரகரப்புக்கும் தொடர்பே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. பதினான்காம் நிமிடத்தில் ஓர் இடம் வருகிறது. ஒரு சூத்திரத்தைச் சொல்லத் தொடங்கிய அவன், பாதியில் நிறுத்துகிறான். மின்விசிறி ஓடுகிறது. 11 வினாடி ஒன்றுமே இல்லை. பிறகு, மேசையில் பென்சிலால் இருமுறை தட்டும் ஓசை, "ம்... சரி" என்கிறான், தொடர்கிறான். மகள் நிமிர்ந்து உட்கார்ந்தார். மறுபடி போட்டார். மூன்றாம் முறையும் போட்டார். தொடக்கநிலையில் கணக்கு சொல்லித் தரும்போது அப்பா இப்படித்தான் செய்வார் என்றார். பேசாமல் இருப்பார், தான் பொறுமை இழந்து கூப்பிடப்போகும் நேரத்தில் சரியாக இரண்டு தட்டு, பிறகு 'சரி'. அறுவை சிகிச்சை எடுத்துக்கொண்டு போகாத ஒன்று அந்த இடைவெளியில் இருந்தது. முதற்கடையின் கோப்பில் அதே இடத்தைத் தேடிப் பார்த்தேன். சூத்திரத்தின் முதற்பாதியும் பிற்பாதியும் ஒட்டவைக்கப்பட்டு, ஒரே மூச்சில் சொன்னது போல ஓடுகிறது.

இனி காசுக் கணக்கு. கூடு மாற்றவும் பூஞ்சை எடுக்கவும் 35 வெள்ளி, மாற்றித் தர 60 வெள்ளி, ஆக 95 வெள்ளி. முதற்கடையைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு. பத்துப் பதினைந்து பாட்டுக் கேசட்டுகளை மாற்ற நினைப்பவர்களுக்கு இந்தச் செலவு தேவையில்லை. அந்தப் பாடல்கள் வேறு எங்காவது நல்ல தரத்தில் கிடைத்துவிடும், முதற்கடை போன்ற இடங்களே போதும். உலகத்தில் வேறு பிரதி இல்லாத ஒரு குரல் கையில் இருந்தால் மட்டும், கொடுப்பதற்கு முன் கடைக்காரரிடம், எதையும் நீக்காத மூலக் கோப்பு கிடைக்குமா, அதை எத்தனை நாள் வைத்திருப்பீர்கள் என்று கேட்டுவிடுங்கள். கேட்ட கேள்வி அவருக்கு விளங்கவில்லை என்றால் கேசட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பிவிடலாம்.

பெரியவரின் கடையிலும் குறைகள் உண்டு. மூன்று வாரம் என்றவர் ஐந்து வாரம் எடுத்துக்கொண்டார். தொலைபேசியை எடுப்பதில்லை, குறுஞ்செய்திக்கு இரண்டு நாள் கழித்து ஒரு கட்டைவிரல் படம் வரும், அது வா என்பதா, இரு என்பதா என்று நாமே ஊகிக்க வேண்டும். முழுத் தரத்தில் அவர் தரும் கோப்பு 1.7 கிகாபைட் அளவு என்பதால் வாட்ஸ்அப் குழுவில் போடச் சிறிய பிரதி ஒன்றைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். கேட்காவிட்டால் தரமாட்டார், சிறிய பிரதியை அவர் ஒரு பிரதியாகவே மதிப்பதில்லை. அறைக்குள் பசையின் நெடி அதிகம். முதியவர்களுக்கு அந்தப் படிக்கட்டு ஆகாது.

நாடாவை அதன் பழைய கூட்டுக்குள்ளேயே திரும்ப வைத்துத் தரும்படி கேட்டிருந்தேன். புதிய பஞ்சுப் பட்டை ஒட்டி அப்படியே தந்தார். அதை அவன் மனைவியிடம் ஒப்படைத்தபோது, மகள் அட்டையை எடுத்துப் பெயர்களை வாசித்தார். ஏழாவது பெயரைப் பார்த்து, பிறகு என்னைப் பார்த்து, "33 வருஷமா, அங்கிள்?" என்றார். பேனா கொண்டுவந்து அடித்தார். நேராக, அப்பா அடித்த கோடுகளைப் போலவே ஒரு கோடு.

அந்தப் பட்டியலை நான் படமெடுத்து எங்கள் வகுப்புக் குழுவில் போட்டிருந்தேன். மூன்றாவது பெயருக்கு உரியவர் இப்போது பெர்த்தில் இருக்கிறார். அவன் அந்த ஆண்டு இரண்டு கேசட் பதிவு செய்ததாகவும், மண் இயக்கவியல் குறிப்புகள் அடங்கிய இரண்டாவது கேசட் ஈசூனில் தன் அண்ணன் வீட்டு அலமாரியில் இருப்பதாகவும் அவர் எழுதினார். நேற்று போய் வாங்கி வந்தேன். பூஞ்சை இல்லை, பஞ்சுப் பட்டை இருக்கிறது, அட்டையில் கம்பி மாட்டிய கருவி ஒன்றின் படத்தை அவனே பென்சிலால் வரைந்திருக்கிறான். பெரியவருக்குக் குறுஞ்செய்தி அனுப்பியிருக்கிறேன். கட்டைவிரல் இன்னும் வரவில்லை. வராவிட்டாலும் சனிக்கிழமை காலை போய் அந்தப் படிக்கட்டில் காத்திருப்பதாக இருக்கிறேன்.